மருந்தடித்த மலையில் கீரை பறிக்கிறோம்

கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்களைக் கவனித்துப் பாருங்கள். படங்கு மடிப்பிலோ கொழுந்துப் பையின் ஓரத்திலோ ஒரு பிடி கீரை இருக்கும். கான் ஓரத்து வல்லாரை, கவ்வாத்து மலையில் தலைகாட்டிய மணத்தக்காளி, மாட்டுக் கொட்டில் பக்கத்துக் குப்பைக்கீரை, ஈரமான இடத்துப் பொன்னாங்காணி. செக்றோலில் அது ஏறாது. கங்காணியும் கணக்கெடுக்கமாட்டார். ஆனால் எத்தனையோ வீடுகளில் இரவு ரொட்டிக்கும் சோற்றுக்கும் அதுதான் கறி.

சம்பளப் பிரச்சினை இருக்கிறது, காணிப் பிரச்சினை இருக்கிறது, இப்போது கீரையைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று சில தோழர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். அந்த இரண்டும் சேர்ந்துதான் நம் பெண்களைக் கான் ஓரத்தில் குனிய வைக்கின்றன.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன மழைக்குப் பிறகு ஒரு நாள் வீட்டுக்காரி மலையிலிருந்து மணத்தக்காளி கொண்டுவந்தாள். இளம் இலை, நல்ல பச்சை. வெங்காயம் போட்டுச் சுண்டி, பிள்ளைகளும் சாப்பிட்டோம். மறுநாள் காலை பிரட்டுக் களத்தில் மருந்தடிக்கும் தம்பி ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், அந்த மலைக்கு முந்தாநாள்தான் மருந்தடித்து முடித்தோம் என்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அடித்த மலை, அடிக்காத மலை என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இலையைப் பார்த்தாவது தெரிந்ததா?

தெரியாது. விஷயமே அங்கேதான் இருக்கிறது. நம் அம்மாமார் காலத்தில் புல்லுக்கு அடித்தது கிரமொக்சோன். அது பட்ட இலை ஒரு நாளிலேயே கருகிவிடும். கருகிய இடத்தில் யாரும் கை வைக்கமாட்டார்கள். கண்ணே காவல். உயிரைக் குடிக்கும் நஞ்சு என்பதால் அந்த வகை மருந்தை 2008 முதல் 2011 வரை படிப்படியாக நாட்டிலிருந்து எடுத்தார்கள், நல்லதுதான். அதன் இடத்தைப் பிடித்த கிளைபொசேட் வேலை செய்யும் விதம் வேறு. இலை வழியாக உள்ளே போய், தண்டிலும் வேரிலும் பரவி, செடியை மெல்லக் கொல்கிறது. இலை மஞ்சளாகப் பல நாள் பிடிக்கும். அதுவரை செடி பச்சையாகவே நிற்கும். மருந்து செடிக்குள் இருப்பதால் வெளியே எத்தனை தண்ணீரில் அலசினாலும் அது முழுக்கப் போகாது. அம்மா சொல்லிக்கொடுத்த அடையாளத்தை வைத்துக்கொண்டு பிள்ளை இன்று கீரை பறிக்கிறது. அந்த அடையாளம் செத்துப் பல வருஷமாகிவிட்டது.

இந்த மருந்தின் கதை தெரிந்ததுதான். ரஜரட்டை விவசாயிகளின் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தில் 2015இல் அதைத் தடை செய்தார்கள். அதே ஆண்டு மார்ச் மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வகையில் அதைச் சேர்த்தது. வேறு நாடுகளின் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் சில அதை ஏற்கவில்லை. புல் வெட்ட ஆளில்லை, செலவு தாங்காது என்று தோட்டக் கம்பனிகள் கேட்டுக்கொண்டே இருந்தன. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். 2022இல் தடையே நீங்கியது. விஞ்ஞானிகள் தங்கள் வழக்கை முடிக்கும்வரை முடிக்கட்டும். மருந்தடித்த இலையைத் தெரியாமல் தின்பது நல்லதா என்று கேட்டால் இரண்டு பக்கத்தாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தடை இருந்த காலத்தில் சில தோட்டங்கள் எம்.சி.பி.ஏ. என்ற வேறொரு களைக்கொல்லிக்கு மாறின. ஜப்பான்காரன் நம் தேயிலையைச் சோதித்து, அதன் எச்சம் இருக்கிறது என்று பிரச்சினை எழுப்பினான். அங்கே எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். இங்கே கொழும்பு வரை ஆட்டம் கண்டது. சரிதான், குடிப்பவன் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதே மலையில், அதே வாதுக்கு அடியில் முளைத்த கீரையைத் தின்ற நம் பிள்ளைக்காக ஒரு இலையையாவது யாராவது சோதித்தார்களா? ஏற்றுமதியாகும் இலைக்கு ஆய்வுகூடம் இருக்கிறது. லயத்துச் சட்டிக்குள் போகும் இலைக்குக் கேள்வியே இல்லை.

கீரையை விட்டுவிடுங்கள், கடையில் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டங்களில் ஏறத்தாழ 32 வீதம். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் எழுதிக்கொடுக்காத கர்ப்பிணி நம் லயங்களில் எத்தனை பேர்? காசில்லாமல் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் சத்து இந்தக் கீரைதான். 1974 பஞ்சத்தைக் கண்ட முதியவர்களைக் கேளுங்கள். தோட்டங்களில் மனிதர்கள் பட்டினியால் செத்த காலம் அது. கிராமத்தவனுக்கு ஒரு துண்டுக் காணியாவது இருந்தது. நமக்குக் கான் ஓரம்தான் இருந்தது. 2022 செப்டெம்பரில் உணவு விலையேற்றம் 94.9 வீதத்தைத் தொட்டபோதும், கோதுமை மா வாங்க முடியாமல் நின்றபோதும், மறுபடி அதே கான் ஓரத்துக்குத்தான் போனோம்.

அந்த வருஷம் ஜூன் மாதம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டுத் தோட்டம் போடச் சொன்னது அரசாங்கம். நமக்கு அந்த வெள்ளிக்கிழமையும் இல்லை, தோட்டம் போட நிலமும் இல்லை. இத்தனை பெரிய தோட்டத்துக்கு நடுவே வாழ்கிறவனுக்குக் கத்தரிக் கன்று வைக்க இடமில்லை என்றால் வெளியூர்க்காரன் நம்பமாட்டான்.

அதனால் ஒரு எச்சரிக்கை. மேடையேறி, கீரையில் எவ்வளவு சத்து தெரியுமா, முன்னோர் உணவு அல்லவா என்று நமக்குப் பாடம் நடத்த வருகிறவர்கள் உண்டு. கொழும்பில் வல்லாரையைப் பொதியாகக் கட்டி விற்கிறார்கள், இலைக்கஞ்சிக்குக் கடையே இருக்கிறது, சந்தோஷம். ஆனால் கீரையைக் காட்டிச் சம்பளத்தை மறக்கச் சொன்னால் எழுந்து நில்லுங்கள். 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானி வருவதற்குள் எத்தனை இழுபறி, எத்தனை வழக்கு. கீரை பறிக்கலாமா வேண்டாமா என்று ஒரு தாய் தானே முடிவு செய்ய வேண்டுமானால், மரக்கறி வாங்கவும் அவள் கையில் காசு இருக்க வேண்டும்.

சங்கம் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது பெரிய விஷயமில்லை. மருந்தடிப்பதற்கு முதல் நாளே எந்த நம்பர் மலை, என்ன மருந்து என்று பிரட்டில் தமிழில் சொல்ல வேண்டும். அடித்த மலையின் நான்கு பக்கமும் சிவப்புத் துணி கட்ட வேண்டும், செடி காய்ந்து விழும்வரை அது இருக்க வேண்டும். லயத்தைச் சுற்றியும் பிள்ளைக் காம்பராவைச் சுற்றியும் குடிதண்ணீர்க் கானிலும் மருந்தே வேண்டாம். அங்கே கையால் புல் வெட்டட்டும், அதற்குப் பேர் போடட்டும். ஆளில்லை என்பார்கள். வேலைநாள் குறைகிறது என்று நாம் சொல்லும்போது மட்டும் ஆள் அதிகமாக இருக்கிறதே, அது எப்படி என்று கேளுங்கள். மருந்தடிக்கும் தம்பிமாருக்குக் கையுறையும் முகக்கவசமும், அடித்த உடுப்பைக் கழற்றிக் குளித்துவிட்டு வர ஒரு இடமும் வேண்டும். அந்த உடுப்பையும் பிள்ளையின் சட்டையையும் ஒரே வாளியில் துவைக்கிற வீடுகள் நமக்குத் தெரியும்.

நம் பக்கத்திலும் திருத்த வேண்டியவை உண்டு. கக்கூஸ் கான் ஓரத்து வல்லாரை எவ்வளவு கொழுத்திருந்தாலும் சட்டிக்கு வேண்டாம். அட்டைக்குப் பயந்து அவசரமாகப் பிடுங்கும்போது வேறு செடி கலந்துவிடும், ஊமத்தங்கன்றும் சின்னதில் கீரை மாதிரித்தான் இருக்கும். மணத்தக்காளியின் பச்சைக் காயைப் பிள்ளைகள் வாயில் போடாமல் பாருங்கள். புளியாரையை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயத்தண்ணி அதைச் சேரவிடாது, ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். நாம் பறித்த இலையே நம் இரத்தத்துக்குக் குறுக்கே நிற்கிறது, என்ன செய்ய.

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக்கு வரும் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் ஒன்று செய்யுங்கள். இந்த மாதம் உங்கள் தோட்டத்தில் எந்தெந்த நம்பர் மலையில், எந்த நாளில் மருந்தடித்தார்கள், முன்கூட்டிச் சொன்னார்களா இல்லையா என்று ஒரு கொப்பியில் எழுதி எடுத்து வாருங்கள். மருந்தடித்தவர்களிடமே கேளுங்கள், அவர்களுக்குத் தேதி நினைவிருக்கும்.