ஊட்ல தெலுங்கு, ரோட்ல தமிழ்

அருந்ததியர் தமிழர்தானா என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேடை போட்டுக் கேட்கிறார்கள், டீக்கடையில் கேட்கிறார்கள், நம் தோழர்களிலேயே சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் பிரச்சாரத்தில் நாம் தமிழர் கட்சியின் சீமான், அருந்ததியர் விஜயநகர ஆட்சிக் காலத்தில் இங்கே வந்தவர்கள் என்று பேசினார். எதிர்ப்பு கிளம்பியது, வழக்குப் பதிவானது, பிறகு எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். கேள்வி மட்டும் அங்கேயே நிற்கிறது. ‘ஆமாய்யா, தமிழர்தான்’ என்று பதில் எழுதிக் கொடுக்கும் வேலையை நான் இங்கே செய்யப்போவதில்லை. கேட்கிறவன் எந்தத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறான் என்பதுதான் எனக்கு முக்கியம்.

வந்தேறி என்ற ஒரே சாக்கில் எத்தனை பேரைப் போட்டுக் கட்டுகிறார்கள் பாருங்கள். பாளையப்பட்டு ஆண்ட வம்சம், நஞ்சை புஞ்சை வளைத்தவர், மில் கட்டினவர், சினிமா எடுத்தவர், இவர்களோடு செருப்புத் தைத்தவரும் சாக்கடையில் இறங்கினவரும். வீட்டில் பேசுகிற மொழி ஒன்று என்பதால் ரெண்டு பேரும் ஒரே ‘ஆதிக்க இனம்’ ஆகிவிடுவார்களாம். 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்து, ராத்திரியோடு ராத்திரியாகப் போலீசால் அப்புறப்படுத்தப்பட்டார்களே துப்புரவுத் தொழிலாளிகள், அவர்களிலும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு. படையெடுத்து வந்தவன் குப்பை வண்டியைப் பறிகொடுத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறான்! எந்தச் சரித்திரப் புத்தகத்தில் இப்படி ஒரு ஆதிக்கம் இருக்கிறது?

மொழி ஒன்றென்றால் மனிதர்கள் ஒன்றாகிவிடுவார்களா என்பதை நான் தினசரி கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்க்கிறேன். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சுற்றியிருந்த பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் மாநகராட்சி ஆக்கினார்கள். ஊர் பெரிதானது, குப்பை அள்ளுகிற கை மாறவில்லை. மாதத்தின் முதல் வாரம் அந்தக் கைகள் பாஸ்புக்கோடு வரிசையில் நிற்கும். எங்கள் கிளையில் ஒரு அதிகாரி இருந்தார். பெயர் வேண்டாம். வீட்டில் தெலுங்கு, பெருமையாகச் சொல்லுவார், கிருஷ்ணதேவராயர் வரைக்கும் வம்சாவளி வைத்திருந்தார். மனை வியாபாரம் செய்கிற ஒருவர் உள்ளே வந்தால் எழுந்து நின்று ‘ரண்டி ரண்டி, கூர்ச்சோண்டி’ என்று உபசாரம் தூள்பறக்கும். ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மா, நகராட்சியில் பெருக்கி ஓய்வு பெற்றவர், தைரியம் வந்து அவர் மேஜைக்குப் போய் ‘சார், பென்ஷன் படலேது’ என்றார். சுத்தமான தெலுங்கு. அவர் தலை நிமிராமல் தமிழில் சொன்னார்: “அந்த கவுன்ட்டர்ல போய் நில்லும்மா.”

அந்தக் கவுன்ட்டர் என்னுடையது. ‘நீங்க தெலுங்காம்மா?’ என்று கேட்டேன். “ஊட்ல தெலுங்கு தம்பி. ரோட்ல தமிழ்” என்றார். ஒரு நிமிஷம் கழித்து, கேட்காமலே, “அவுரு தெலுங்கு வேற, எங்க தெலுங்கு வேற” என்றார்.

மொழியியல் துறைக்காரர்கள் ஒரு புத்தகம் எழுதி நிரூபிக்க வேண்டியதை இந்த அம்மா அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். வட்டாரம் வேறு, உச்சரிப்பு வேறு என்பதல்ல அவர் சொன்னது. ‘ரண்டி’ என்ற சொல் அவருக்காக அந்த மொழியில் இல்லை, அவ்வளவுதான். நம் தமிழில் மட்டும் இருந்ததா என்ன? சேரிக்கும் ஊருக்கும் நடுவில் ஒரே தமிழ்தான் ஓடுகிறது. அந்தத் தமிழ் வழியாக எத்தனை குவளை தண்ணீர் கடந்து வந்திருக்கிறது?

இதை வைத்துக்கொண்டு கொஞ்சம் தூரம் போய்விட்டு வரலாம். 2022 செப்டம்பரில் தெஹ்ரானில் போலீஸ் காவலில் ஒரு பெண் செத்துப்போனாள். உலகம் முழுக்க மஹ்சா அமினி என்று எழுதினார்கள். அரசாங்கக் காகிதத்தில் அதுதான் பெயர். வீட்டிலும் சக்கீஸ் என்கிற அவள் ஊரிலும் அவள் ஜீனா. குர்து மொழிப் பெயர். பெண், வாழ்வு, விடுதலை என்று தெருவெல்லாம் முழங்கிய கோஷமும் குர்து இயக்கத்திலிருந்து வந்ததுதான். காகிதத்தில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். நான் பாஸ்புக் அடிக்கிறவன், எனக்கு இது புதுசில்லை. முனெம்மாக்கள் எல்லாம் கணினியில் முனியம்மாள் ஆகி நெடுநாள் ஆகிறது.

ஈரான் என்றால் பாரசீகம் என்று நாம் நினைக்கிறோம். அங்கே பாரசீகர் தவிர அஜெரிகள், குர்துகள், அரபுகள், பலூச்சிகள், துருக்மேன்கள் என்று பல இனங்கள். இதில் அஜெரியையும் குர்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு விடுகதை கிடைக்கும். குர்து மொழி பாரசீகத்துக்கு உறவு, ரெண்டும் ஈரானிய மொழிக்குடும்பம். அஜெரி துருக்கியக் குடும்பம், பாரசீகத்துக்கும் அதற்கும் குடும்ப வழியில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தமிழுக்கும் இந்திக்கும் மாதிரி. அப்படியானால் யார் உள்ளே இருக்க வேண்டும், யார் வெளியே? மொழிதான் இனம் என்றால் குர்துதான் உள்ளே. நடந்தது தலைகீழ். ஷியாவை அரச மதமாக்கிய ஷா இஸ்மாயில் துருக்கியில் கவிதை எழுதியவன். 1925 வரை ஆண்ட கஜார்கள் துருக்கிய வம்சம். 1989இல் உச்சத் தலைவரான அலி காமெனெயியின் தந்தைவழி அஜெரி. 2024இல் ஜனாதிபதியாகத் தேர்வான பெசெஷ்கியானும் அஜெரி. குர்துகளோ? 1946இல் மஹாபாதில் ஒரு குடியரசை அறிவித்தார்கள், ஓராண்டு தாக்குப்பிடிக்கவில்லை, அதன் தலைவர் காஸி முகமதுவை 1947இல் அதே ஊர் சதுக்கத்தில் தூக்கில் போட்டார்கள். அஜெரிகள் ஷியா, குர்துகளில் பெரும்பாலோர் சுன்னி என்பது இதில் பெரிய காரணம். இன்னும் காரணங்கள் உண்டு, மலை, எல்லை, எண்ணெய், ஆயுதம். மொழியின் தூரம் மட்டும் காரணமில்லை.

இப்போது இங்கே திரும்புங்கள். தெலுங்கு பேசுகிற நாயுடுவும் ரெட்டியும் தமிழ்நாட்டில் உள்ளே. தெலுங்கு பேசுகிற அருந்ததியர் வெளியே. சரி, மொழி தூரம் என்று ஒரு சாக்கு சொல்கிறீர்கள். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்? நம் தாம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். இந்தப் பக்கம் அவர்கள் பேசுவது பெரும்பாலும் தமிழ்தான். சென்னேரி கிராமத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பாம்பு பிடிக்கிற அறிவுக்காக 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள், ஊரெல்லாம் போட்டோ போட்டது. அந்த மாவட்டத்திலேயே சாதிச் சான்றிதழுக்காக ஒரு இருளர் பிள்ளை எத்தனை தரம் தாலுகா ஆபீஸ் படி ஏற வேண்டியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தமிழ் பேசியும் வெளியேதான். ஈரானில் மதம் செய்த வேலையை இங்கே சாதி செய்கிறது. மொழி வெறும் வாசல் பலகை. வேண்டாதவன் வரும்போது மட்டும் திருப்பி மாட்டுகிறார்கள்.

பக்கத்து மொழி என்றால் அதற்கொரு தனி ஆபத்தும் உண்டு. விழுங்கிவிடுவார்கள். துருக்கியில் குர்துகளை ‘மலைத் துருக்கியர்’ என்றார்கள், ஈரானில் அவர்கள் மொழியைப் பாரசீகத்தின் ஒரு வழக்கு என்றார்கள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘இருளர் மொழி’ தமிழ் என்ற தலைப்புக்குக் கீழே ஒரு துணை வரி. 2011 கணக்கில் தமிழ்நாட்டு இருளர் ஒரு லட்சத்து 89 ஆயிரத்துக்கு மேல். இருளர் மொழிதான் தாய்மொழி என்று பதிவானவர்கள் நாடு முழுக்கச் சுமார் 12 ஆயிரம். மற்றவர்கள் எல்லாம் மொழி மாறிவிட்டவர்களா, அல்லது கேட்காமலே ‘தமிழ்’ என்று எழுதப்பட்டவர்களா? எனக்கென்னவோ ரெண்டும் என்றுதான் படுகிறது.

சரி, உள்ளே போன அஜெரிக்கு என்ன கிடைத்தது? ஆளுக்கு நாற்காலி கிடைத்தது, மொழிக்குக் கிடைக்கவில்லை. 2006 மே மாதம் அரசுப் பத்திரிகையான ‘ஈரான்’ ஒரு கேலிச்சித்திரம் போட்டது: அஜெரிச் சொல் பேசுகிற கரப்பான்பூச்சி. தப்ரீஸ் கொந்தளித்தது, பத்திரிகையைக் கொஞ்ச நாள் மூடினார்கள். தப்ரீஸில் பிறந்த அஜெரி அறிஞர் அஹ்மத் கஸ்ரவி 1925லேயே ஒரு சிறு நூல் எழுதினார். துருக்கி மொழி வருவதற்கு முன்னால் அஜர்பைஜானில் பேசப்பட்டது ஓர் ஈரானிய மொழிதான் என்று சான்று காட்டினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கிறார்கள். பூர்வீகப் பரீட்சையில் பாஸ். அதற்குப் பிறகாவது தப்ரீஸ் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் வீட்டு மொழிக்கு ஒரு பெஞ்சு போட்டார்களா? இல்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. நம் அருந்ததியர் தோழர்கள் சிலர் ‘நாங்கள் பூர்வ தமிழ்க்குடிதான், தெலுங்கு பின்னால் ஒட்டியது’ என்று நிறுவக் கல்வெட்டும் இலக்கியமும் தேடி அலைகிறார்கள். வரலாறாக அது நடக்கட்டும், நல்ல உழைப்பு. ஆனால் அதை நுழைவுச்சீட்டாக நீட்டாதீர்கள். பரீட்சை வைக்க இவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்தபோது யாரிடமும் சீட்டு வாங்கிக்கொண்டு வைக்கவில்லை.

நம் முன்னோர் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதும் நமக்கு மறந்துபோச்சு. 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் அரசாணை வந்தது. பறையர், பஞ்சமர் என்பதை விட்டுவிட்டுத் தமிழ்ப் பகுதியில் ஆதி திராவிடர், தெலுங்குப் பகுதியில் ஆதி ஆந்திரர் என்று எழுதச் சொன்ன ஆணை. ஒரே தீர்மானம், ஒரே ஆணை, ரெண்டு மொழி. அந்த ‘ஆதி’யில்தான் நம் அரசியல் இருந்தது, பின்னொட்டில் இல்லை. அதே ஆதி ஆந்திரர், 2009 சட்டப்படி மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு பெற்ற ஏழு சாதிகளில் ஒன்று. அந்த ஒதுக்கீட்டை எதிர்த்த நம் ஆட்களில் சிலர் வாயில் முதலில் வந்த வார்த்தை என்ன? ‘அவங்க தெலுங்குக்காரங்க.’ எண்ணிக்கை பற்றிப் பேசியிருக்கலாம், பின்தங்கிய அளவு பற்றிப் பேசியிருக்கலாம். ஊர்க்காரனுடைய செருப்பைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த வார்த்தையை இனியாவது துப்பிவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்று. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தை நான் எதிர்க்கவில்லை. இந்த ஊரில் தமிழ் படிக்காமல் ஒரு பிள்ளை எப்படிப் பிழைக்கும்? அதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2023 பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு உச்ச நீதிமன்றத்தில் விலக்கு வாங்கின மொழிச் சிறுபான்மை அமைப்புகளின் வாதத்தில் துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளை எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தேன். அவர்கள் காக்கிற தெலுங்கு வேறு தெலுங்கு. வீட்டில் தெலுங்கை மட்டும் கேட்டு வளர்ந்து ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காருகிற பிள்ளைக்கு, வாத்தியார் சொல்வதை முதல் ஒரு வருஷமாவது வீட்டுச் சொல்லில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956லிருந்து தொடக்கப் பள்ளியில் தாய்மொழி என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஈரான் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவும் வட்டார மொழி இலக்கியங்களைப் பள்ளியில் கற்பிக்கலாம் என்றுதான் சொல்கிறது. அதைச் சொல்லிக்கொண்டே, குர்து மொழி கற்பித்த ஸாரா மொஹம்மதியை 2022 ஜனவரியில் சிறைக்கு அனுப்பினார்கள்.

வாத்தியார் என்றதும் சமத் பெஹ்ரங்கி ஞாபகம் வருகிறார். ‘சின்னக் கறுப்பு மீன்’ கதை எழுதியவர். அஜெரிக் கிராமங்களில் பள்ளி ஆசிரியர். தன் மண்ணின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார், ஷா காலத்துத் தடையால் பாரசீகத்தில்தான் அச்சிட முடிந்தது. 1968இல் அராஸ் ஆற்றில் மூழ்கிச் செத்தார். 2010 மே மாதம் தூக்கிலிடப்பட்ட ஃபர்ஸாத் கமாங்கர் குர்து, அவரும் ஆசிரியர். சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் அந்த மீனைத்தான் நினைத்துக்கொண்டார். அஜெரிக்காரர் பாரசீகத்தில் எழுதிய கதை குர்துக்காரருக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது. அதற்கு எந்த இனத் தலைவரின் அனுமதியும் தேவைப்படவில்லை.

இப்போது கைவேலைக்கு வருகிறேன். 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்துக் கணக்கெடுப்பு என்று அறிவித்திருக்கிறார்கள். 1931க்குப் பிறகு முதல்முறையாக எல்லோருடைய சாதியும் எழுதப்படும், தாய்மொழியும் எழுதப்படும். பயம் ஏற்கனவே தொடங்கிவிட்டது. ‘தெலுங்குன்னு சொன்னா நம்ம சலுகை போயிடுமாப்பா?’ என்று என்னிடமே கேட்கிறார்கள். போகாது. பட்டியலில் சாதிதான் இருக்கிறது, மொழி இல்லை. இதைச் சந்து சந்தாகப் போய்ச் சொல்ல வேண்டும். கடப்பேரியிலும் பல்லாவரத்திலும் பம்மலிலும் கல்லூரிப் பிள்ளைகள் ரெண்டு ரெண்டு பேராகப் போகலாம், ஒருவராவது தெலுங்கு தெரிந்தவராக இருக்கட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள், காலையில் அவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். தாய்மொழி தெலுங்கு என்றும் தெரிந்த வேறு மொழி தமிழ் என்றும் சொல்ல அந்தப் படிவத்தில் ரெண்டுக்கும் இடம் உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள். கணக்கெடுக்க வருகிறவர் கேட்காமலே எழுதினால், எழுதினதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.