வளைவுக்குப் பயப்படாத கை!

நேர்கோடு போடச் சொன்னால் ஸ்கேலைத் தேடுவோம். வளைகோடு போடச் சொன்னால் ரப்பரைத் தேடுவோம்! 'எனக்கு டிராயிங் சுத்தமா வராதுங்க' என்று சொல்கிற பலருக்கும் சிக்கல் இந்த இடத்தில்தான். மாங்காய், பூனை, செம்பு, முகம் என நாம் வரைய ஆசைப்படும் எதிலும் நேர்கோடு குறைவு, வளைவு அதிகம். அது நடுங்கினால் மொத்தப் படமும் நடுங்கும்.

இந்த வாரம் அந்த நடுக்கத்தைத்தான் கவனிக்கப் போகிறோம்.

ஏன் நடுங்குகிறது?

முதல் காரணம், கண். பென்சில் முனையையே பார்த்தபடி வரைந்தால், கை ஒவ்வொரு நொடியும் தன்னைத் திருத்திக்கொண்டே போகும். ஒரே கோடாக வர வேண்டியது, முடி முடியாகச் சின்னச் சின்னக் கோடுகளாகச் சேரும்.

இரண்டாவது காரணம், மணிக்கட்டு. உள்ளங்கையை மேஜையில் அழுத்தி வைத்துக்கொண்டு வரைந்தால் சின்ன வளைவுதான் கிடைக்கும். முழங்கையிலிருந்து அசைத்தால் பெரிய வளைவு. தோளிலிருந்து அசைத்தால் இன்னும் பெரிதாக, வழுக்கிக்கொண்டு வரும். கண், இமை போன்ற நுணுக்கங்களுக்கு மணிக்கட்டு போதும். யானையின் முதுகுக்குத் தோள் வேண்டும்.

தினமும் 10 நிமிடம்

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் இதற்கு அருமையாக உதவும். ரப்பரை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

1. பிறை வளைவு: இரண்டு புள்ளிகள் வையுங்கள். தாளைத் தொடாமல், காற்றிலேயே இரண்டு மூன்று முறை வரைந்து பாருங்கள். பிறகு பென்சிலை இறக்கி, ஒரே மூச்சில் இழுங்கள். கண் இரண்டாவது புள்ளியிலேயே இருக்கட்டும்.

2. பாம்பு வளைவு: இப்போது 'எஸ்' வடிவம். ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹோகார்த், அழகைப் பற்றி 1753-ல் எழுதிய நூலில் இந்த வளைவுக்கு 'அழகின் கோடு' என்றே பெயர் வைத்தார். வளைவு திசை மாறும் இடத்தில் நிற்காமல் கடப்பதுதான் பயிற்சி.

3. டம்ளர் வாய்: இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே, இரண்டையும் தொடும்படி வரிசையாக நீள்வட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று சுற்றுங்கள். ஓரங்கள் கூர்மையாகிவிட்டால் டம்ளர் வாய் படகு போலத் தெரியும்.

வலது கைக்காரர்களுக்கு இடது மேல்பக்கம் புடைக்கும் வளைவு எளிதாக வரும். எதிர்ப்பக்கம் புடைக்கும் வளைவு முரண்டு பிடித்தால், கையை முறுக்காதீர்கள். தாளைத் திருப்புங்கள்.

கோணலாக வந்ததா? அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொன்று போடுங்கள். டேப்லெட்டில் வரைபவர்கள், கோட்டைத் தானாகச் சீராக்கும் வசதியைப் பயிற்சியின்போது மட்டுமாவது அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பழகுவது செயலிதான், உங்கள் கை அல்ல!

வீட்டிலேயே ஒரு டீச்சர்

இதையெல்லாம் யாரும் சொல்லித்தராமலே செய்கிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சிக்குக் கோலம் போடுகிற அம்மாவையும் பாட்டியையும் ஒரு நாள் உற்றுப் பாருங்கள். கண் அடுத்த புள்ளிக்குப் போயிருக்கும். மணிக்கட்டோடு நிற்காமல், கை முழுவதும் அசையும். கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே முடியும். 1970-களில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோல வடிவங்களைக் கணினி அறிவியல் ஆய்வுக்கே எடுத்துக்கொண்டார்கள்.

அப்படிக் கோலம் போடும் ஒருவரிடம் பென்சிலைக் கொடுத்தால், 'எனக்குப் படமெல்லாம் வரையத் தெரியாதுப்பா' என்பார். பல வருடங்களாகத் தினமும் வரைந்த கை அது! தெரியாது என்பதல்ல, அதை ஓவியம் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை என்பதுதான் விஷயம்.

குழந்தைகளுக்கு நடப்பது இதன் இன்னொரு பக்கம். ஆசையாகக் கொண்டுவந்து காட்டும் படத்தைப் பார்த்து, 'இது யானையா, எருமையா?' என்று நாம் சிரித்துவிடுகிறோம். அடுத்த படத்தில் அந்தக் கோடு தயங்க ஆரம்பிக்கும். அதற்கடுத்த படம் நம்மிடம் வராமலே போகலாம். 'இந்த வளைவு நல்லா இருக்கே, எப்படிப் போட்டே?' என்று கேட்டுப் பாருங்கள். இன்னும் நான்கு படம் வரும்.

இந்த வாரப் பயிற்சி

தாளில் சிறிய புள்ளிக் கோலம் ஒன்றைப் பென்சிலால் போடுங்கள், ரப்பர் இல்லாமல். வீட்டில் கோலம் தெரிந்த பெரியவர் இருந்தால், குட்டீஸை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். தாளின் மூலையில் தேதி எழுதுங்கள். ஏழு நாள் கழித்து முதல் தாளையும் கடைசித் தாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கோலம் எவ்வளவு அழகு என்று பார்க்க வேண்டாம். கோடு எத்தனை இடத்தில் நின்று நின்று போயிருக்கிறது என்று மட்டும் எண்ணுங்கள்.