பால்வாடி இருக்குல்ல?

மகளிர் தினம் வந்தால் ஒரு பேச்சு வரும். பேச்சாளர் மாறுவார், பேச்சு மாறாது. திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில் இந்த முறையும் கேட்டேன். "ஊருக்கு ஊர் அங்கன்வாடி இருக்கு. எல்லாருக்கும் இலவசம். சோறு போடுறோம், முட்டை கொடுக்கிறோம், பாட்டுச் சொல்லித் தர்றோம். வேலைக்குப் போற தாய்க்கு இனிமே என்ன குறை? முழுநாள் வேலைக்காரங்களே சமாளிக்கும்போது, அரைநாள் வேலை பார்க்கிறவங்களுக்குக் காப்பகம் எதுக்கு?" முன்வரிசை கைதட்டியது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூடப் பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடியவர் இல்லை என்பதைப் பட்டுச்சேலையே சொன்னது.

பல வருடமாக வயிற்றெரிச்சலோடு கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் எழுதிவிடலாம்.

ஊருக்கு ஊர் இருக்கிறதாம். இருக்கிறது. தமிழ்நாட்டில் குறுமையங்களையும் சேர்த்து 54,439 மையங்கள். கட்டடத்தை எண்ணிச் சொன்னதற்கு நன்றி.

எல்லாருக்கும் இலவசமாம். மேடையில் இதைச் சொல்லும்போது தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி ஒரு பாவனை. வறுமைக்கோட்டை வைத்து அங்கன்வாடிக்கு ஆள் பொறுக்கக் கூடாது என்று 2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் நாற்பது பேர் இருக்கிற குடியிருப்பு கேட்டால் மையம் திறந்தே ஆகவேண்டும் என்று 2006 டிசம்பரில் மறுபடி சொன்னது. வழக்குப் போட்டவர்கள் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தார். மாலையும் பொன்னாடையும் யாருக்கு விழுகிறது என்பது வேறு கதை.

சோறு, முட்டை, பாட்டு மூன்றும் உண்மை. அந்தச் சோற்றைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் பேச்சாளர் பிள்ளைக்குக் கொடுப்பதைத் தாய்க்குக் கொடுத்ததாகக் கணக்கு எழுதுகிறார். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அதற்கு வகுக்கப்பட்ட சேவைகள் ஆறு: துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு ஊட்டச்சத்து அறிவுரை, முன்பருவக் கல்வி. இந்த ஆறில் தாய் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள். திட்டத்துக்கு வழிகாட்டிய முன்பருவக் குழந்தைகள் ஆய்வுக் குழுவின் தலைவர் மீனா சுவாமிநாதன். குழந்தைப் பராமரிப்பைத் தாயின் வேலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று பிற்பாடு பல காலம் எழுதியும் பேசியும் வந்தவர் அவர். இதெல்லாம் மேடைக்கு எட்டாது.

பிள்ளை இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் அந்தச் சோறும் பாட்டும்கூடக் கிடையாது. வீட்டுக்குச் சத்துமாவுப் பாக்கெட் வரும், அவ்வளவுதான். அதை வாங்கவும் இப்போது முகத்தைச் செல்போனில் காட்டிப் பதிய வேண்டும். எட்டு மாதப் பிள்ளையோடு பூ எடுக்கப் போகிறவள் அந்த மாவையா காவலுக்கு வைத்துவிட்டுப் போவாள்?

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அரைநாள் வேலை.

அரைநாள் வேலைக்காரிக்கு அரைநாள் பராமரிப்பு போதும், பால்வாடி அரைநாளுக்கு மேலேயே திறந்திருக்கிறது, ஆகவே பிரச்சினை தீர்ந்தது. இதுதான் அவர் கணக்கு. பால்வாடி காலை ஒன்பது மணிவாக்கில் திறக்கும், நாலு மணிக்குள் பூட்டும். பல ஊரில் மத்தியானச் சோறு ஆனதுமே பிள்ளையைக் கூட்டிப் போகச் சொல்லி ஆள் வந்துவிடும். நடுவில் மே மாத விடுமுறை. சரி, இந்த ஊரில் அரைநாள் வேலை எந்த அரைநாளில் நடக்கிறது என்று அவருக்குத் தெரியுமா?

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கலாம். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். விரிந்தால் விலை போச்சு. அதனால் இருட்டோடு இருட்டாக, தலையில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். வெயில் ஏறுமுன் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட வேண்டும். ஆக, பறிக்கிறவளின் வேலைநாள் பால்வாடி டீச்சர் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பிள்ளை? வரப்பு ஓரத்தில் ஒரு வேம்பு இருந்தால் சேலைத் தூளி. இல்லாவிட்டால் சாக்கை விரித்து அதன்மேல் துண்டு. பூச்சி பொட்டு வருதா என்று நாலு செடிக்கு ஒரு தடவை விளக்கைத் திருப்பி அடித்துப் பார்ப்பாள். கூலி கிலோவுக்கு இவ்வளவு என்பதால், அப்படித் திரும்பிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவள் கைக்காசு.

டவுனுக்குள் வந்தாலும் இதே கதைதான். மேட்டுப்பட்டியிலிருந்து ஆர்.எம். காலனிக்கு வீட்டு வேலைக்கு வருகிறவள் காலையில் ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வேண்டும். இரண்டு வீடு முடிந்து ஒன்பது மணிவாக்கில் திரும்புவாள். சாயங்காலம் நாலரைக்கு மறுபடி பாத்திரம். பால்வாடி திறந்திருக்கும் நேரம் முழுக்க அவள் வீட்டில்தான் இருக்கிறாள். வெளியே இருக்கும் நேரம் முழுக்கப் பால்வாடி பூட்டியிருக்கிறது. யாரோ உட்கார்ந்து யோசித்து ஏற்பாடு செய்தால்கூட இவ்வளவு துல்லியமாக வராது. ஒரு வீட்டின் கொல்லைப்பக்கப் படியில் அவள் மகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று வயது இருக்கும். கையில் பாதி ரஸ்க். குழாயடியில் அம்மா தேய்க்க, கழுவிய டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று சரிந்து விழுந்தது. உள்ளிருந்து குரல்: "பிள்ளையைக் கூட்டிட்டு வராதன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?" மறுநாள் முதல் அந்தப் பிள்ளை வரவில்லை. வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டு வருகிறாளாம். பூட்டுக்குப் பேர்போன ஊர்தானே.

தனியாரை விடுவோம். அரசாங்கமே அரைநாள் வேலை கொடுக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, அடுத்த ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். தன் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது அந்த வேலைக்கு ஒரு தகுதி. ஆக, அவள் ஒரு தாய் என்பது அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரியும், ஏட்டிலேயே இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இருந்தால் அதற்கு இளையது ஒன்று வீட்டில் இருக்கலாம் என்பது மட்டும் தெரியாது. விடிகாலையில் அவள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உப்புமா கிளறுகிறாள். பக்கத்துக் கட்டடத்தில் பால்வாடி பூட்டிக் கிடக்கிறது. தன் சின்னதை எங்கே விட்டு வந்தாள் என்று கேட்க அந்தத் திட்டத்தில் ஒரு பத்தி இல்லை.

இங்கே பேச்சாளரின் ஆள் ஒருவர் எழுந்து, "அதுக்குத்தான் காப்பகத் திட்டம் இருக்கே" என்பார். வாங்க.

ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் 2006இல் வந்தது. 2017இல் பெயரிலிருந்து ராஜீவ் காந்தி போனார், தேசியக் காப்பகத் திட்டம் ஆனது. 2022 முதல் 'பால்னா'. பெயர் மாற்றுவதற்குக் காட்டிய சுறுசுறுப்பைக் கதவைத் திறந்து வைப்பதில் காட்டவில்லை. 2015 வாக்கில் நாடு முழுக்க இருபதாயிரத்துக்கு மேல் இருந்த காப்பகங்கள், 2020 வாக்கில் ஏழாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. இதற்கு நடுவில்தான் மத்திய அரசு தன் பங்கை 90 சதவீதத்திலிருந்து 60 ஆகக் குறைத்தது.

பழைய திட்டத்தில் யார் வேலைக்குப் போகும் தாய்? மாதத்தில் குறைந்தது 15 நாள், அல்லது வருடத்தில் ஆறு மாதம் வேலை பார்ப்பவள். படித்ததும் நியாயமாகத்தான் தோன்றும். வீட்டு வேலைக்காரி மாதம் முப்பது நாளும் போகிறாள், தேறிவிட்டாள். பூ எடுக்கிறவள் பனிமாதத்தில் விளைச்சல் விழுந்தாலும் வருடத்தில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் போகிறாள், அவளும் தேறினாள். தேறி என்ன? காப்பகம் நாளுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்க வேண்டும். நடப்பில் அது பகல் நேரம். நாளை எண்ணித் தகுதி கொடுத்தார்கள், அந்தத் தகுதியில் மணிக்கணக்கே இல்லை. தகுதி இருக்கிறது, உபயோகம் இல்லை. அந்தத் தகுதியையும் யார் எழுதிக் கொடுப்பது? ஆர்.எம். காலனி வீட்டம்மாவா? கிலோக் கணக்கில் கூலி கொடுக்கும் தோட்டக்காரரா? சீலும் கையெழுத்தும் இல்லாத வேலைக்குச் சான்று கேட்டால் வி.ஏ.ஓ.வே சிரிப்பார்.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்: பால்னாவில் அந்த நிபந்தனை எடுபட்டுவிட்டது. வேலை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எல்லாத் தாய்மாருக்கும் என்று விதி சொல்கிறது. ஆறு மாதக் குழந்தை முதல் எடுத்துக்கொள்ளலாம். அருமை. எத்தனை இடத்தில்? இலக்கே நாடு முழுக்க 17,000 அங்கன்வாடிக் காப்பகங்கள்தான். நாட்டில் அங்கன்வாடிகள் ஏறக்குறைய 14 லட்சம். எண்பதுக்கு ஒன்று. எல்லோருக்கும் தகுதி கொடுத்துவிட்டு எண்பதில் ஒரு கதவைத் திறப்பதற்குப் பெயர் தாராளம்.

இங்கிலாந்தில் வேறு விதமான சண்டை. அங்கே பெற்றோர் ஒவ்வொருவரும் வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலிக்கு நிகராகவாவது சம்பாதித்தால், ஒன்பது மாதக் குழந்தைக்கே வாரம் 30 மணி நேரப் பராமரிப்புக்கு அரசு பணம் கட்டுகிறது. 2025 செப்டம்பரிலிருந்து இது நடப்பு. வருடத்தில் 38 வாரம்தான், பகுதிநேர வேலைக்காரர்கள் பதினாறைத் தொட அல்லாடுகிறார்கள், புலம்பல் நிறைய. ஆனாலும் அவர்கள் மணிக்கணக்கில் புலம்புகிறார்கள். நாம் இன்னும் கட்டடக் கணக்கில் கைதட்டுகிறோம்.

அடுத்தது, "சட்டமே இருக்கு, கம்பெனிக்காரன் காப்பகம் வைக்கணும்" என்பது. தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்த 2025 நவம்பர் வரை, 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தால் காப்பகம் என்று இருந்தது. பீடி, சுருட்டுத் தொழிலுக்கான 1966 சட்டத்தில் ஐம்பது பெண்கள். கட்டடத் தொழிலாளர் சட்டத்திலும் ஐம்பது. 2017 மகப்பேறு திருத்தத்தில் ஊழியர் ஐம்பது பேர். நூறு நாள் வேலைச் சட்டத்தில் வேலை நடக்கும் இடத்தில் ஐந்து பிள்ளைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண். எல்லாமே தலையை எண்ணிய சட்டம். சின்னாளபட்டியில் வீட்டுத் திண்ணையில் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவளின் தொழிற்கூடத்தில் எத்தனை தலை? ஒன்று. பூக்கட்டுகிறவள்? ஒன்று. வீட்டு வேலை? ஒன்று. பகுதிநேர வேலை என்றாலே பெரும்பாலும் தனி ஆள் வேலைதான், முப்பதும் ஐம்பதும் அதற்கு என்றைக்கு வந்து சேரும்? வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்களில் தலை சேரும். அங்கே ஷிப்ட் காலை ஆறுக்கு, மத்தியானம் ரெண்டுக்கு, ராத்திரி பத்துக்கு. ராத்திரி பத்து மணிக்குக் காப்பகத்தில் ஆயா இருக்கிறாரா என்று மகளிர் தின விருந்தினர்கள் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

"வீட்ல பாட்டி இருப்பாங்கல்ல?" பாட்டி நூறு நாள் வேலையில் இருக்கிறாள்.

"அதான் மாசம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வருதே?" வருகிறது. 2023 செப்டம்பர் முதல் வருகிறது. அதில் யாரையாவது பிள்ளை பார்க்க வைக்க முடியுமா என்று ஒரு மாதம் முயற்சி செய்து பார்த்துவிட்டுப் பேசலாம்.

கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடம், "பணம் எங்கே?" என்பது. கட்டடம் இருக்கிறது. பாய், விளையாட்டுச் சாமான், அடுப்பு எல்லாம் இருக்கிறது. சாவி வைத்திருக்கும் ஆயா பெரும்பாலும் அதே தெருக்காரிதான். பூக்காட்டு ஊர்களிலாவது விடிகாலை நாலரைக்குத் திற, டவுனில் சாயங்காலம் ஏழரைவரை வை, எந்த ஊரில் எந்த நேரம் என்பதை அந்தந்த ஊர்த் தாய்மாரைக் கூப்பிட்டுக் கேள் என்பதற்குப் பெரிய குழு எதுவும் போட வேண்டாம். புதிதாக வேண்டியது அந்த நேரத்துக்கு இன்னொரு ஆளும் அவளுக்கு ஒழுங்கான சம்பளமும்தான். இப்போது இருக்கும் டீச்சரையும் ஆயாவையுமே நாலரைக்கு வரச் சொல்லி, சேவை மனப்பான்மை என்று அதற்கும் ஒரு பேர் வைத்துச் சம்பளம் இல்லாமல் வேலை வாங்கப் பார்த்தால், அதற்கு எதிராகவும் எழுதுவேன். அந்த ஆயாவுக்கும் வீட்டில் ரெண்டு வயதில் ஒன்று இருக்கலாம்.