பழம்பொருட் சந்தைகளும் நகரசபையாரின் கடமையும்

பெரு நகரங்களிலே பழைய புத்தகங்களும், பழம்பொருள்களும், கைவினைச் சாமான்களும் விற்கும் சந்தைகளைப் போக்குவரத்திற்கு இடைஞ்சலென்றே அதிகாரிகள் எண்ணிவருகின்றனர். படித்தவர்களிற் பலரும் அவ்வெண்ணத்திற்கு உடன்பட்டுப் பேசுகின்றனர். இந்த எண்ணம் பிழையானதென்பதும், இச்சந்தைகளை இருந்த இடத்திலேயே காப்பது நகரசபைகளுக்குச் சட்டம் விதித்த கடமையென்பதும் நமது அபிப்பிராயம்.

சென்னையின் அனுபவத்தை முதலிற் கவனிப்போம். சென்டிரல் ரயில் நிலையத்தை அடுத்து, நகரசபைத் தலைவராயிருந்த ஸர் ஜார்ஜ் மூரின் பெயரால் எழுந்த மூர் மார்க்கெட்டிற்கு 1898-ல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1900-ல் அது திறக்கப்பட்டது. சிவந்த செங்கற் கட்டடமாகிய அவ்வங்காடியிலே பழைய புத்தகங்களும், கிராமபோன் இசைத்தட்டுகளும், நாணயங்களும், வளர்ப்புப் பிராணிகளும் விலைக்குக் கிடைத்தன. சம்பளங் கட்டவே திண்டாடிய மாணாக்கன் தன் பாடபுத்தகத்தைக் குறைந்த விலைக்கு அங்கே வாங்கினான். படித்து முடித்தபின் அங்கேயே விற்று, அடுத்த வகுப்பிற்கு வேண்டியதைக் கொண்டுபோனான். பணமில்லாதவனுக்கு அது புத்தகசாலையாகவும் இருந்தது. பொருட்காட்சி சாலையாகவும் இருந்தது.

1985-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி அச்சந்தை தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் இப்பொழுது புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. வியாபாரிகளுக்கு அல்லிக்குளம் கட்டடத்திலே கடைகள் அளிக்கப்பட்டன. ஆயினும், ரயிலிலிருந்து இறங்கினவன் போகிற வழியில் நின்று நாலு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் பழைய வழக்கம் அங்கே குடிபெயரவில்லை. விற்போரும் வாங்குவோரும் நெடுங்காலம் ஓரிடத்திற் கூடிப் பழகியதனால் உண்டாவது சந்தை. அதை வேறிடத்திற்கு மாற்றுவது முதிர்ந்த ஆலமரத்தைப் பெயர்த்து நடுவதை ஒக்கும்.

இச்சந்தைகளால் தேசத்திற்கு விளைந்த நன்மை யாது என்று கேட்போர்க்கு இரண்டு விஷயங்களை நினைப்பூட்டுகிறோம். சென்னைக் குஜிலிக் கடைகளில் மலிவான தாளில் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள் விற்றன. கொலைச் சிந்தும் ரயில் விபத்துச் சிந்தும் விற்ற அதே கடைகளில் தேசீயப் பாட்டுகளும் விற்றன. அன்னிய சர்க்கார் அவற்றிற் சிலவற்றிற்குத் தடை விதித்தது. படித்தவர் இகழ்ந்த அத்தாள்களை இன்று சரித்திர ஆராய்ச்சியாளர் தேடி அலைகின்றனர். இரண்டாவது, செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செய்த தொண்டு. விளம்பரப் பலகை எழுதும் தொழிலினரான அவர், பிறர் வேண்டாமென்று கழித்த நூல்களையும், பத்திரிகைகளையும், நோட்டீசுகளையும், அழைப்பிதழ்களையும் ஆயுள் முழுவதும் சேர்த்தார். அவர் 1992-ல் காலமானார். அச்சேகரத்தைக் கொண்டு 1994-ல் சென்னையில் அமைந்த நூலகம் தமிழ் ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாக விளங்குகிறது. கழிந்த பொருளுக்கு ஒரு கடை இருந்தாலன்றோ அறிந்தவன் கையில் அது போய்ச் சேரும்?

சந்தைகளை நல்ல முறையில் நடத்தச் சர்க்காருக்குத் தெரியாதென்று சொல்வதற்கில்லை. 1994-ல் டில்லியில் ஏற்பட்ட ‘தில்லி ஹாட்’ என்னும் சந்தையிலே, பல மாகாணத்துக் கைவினைஞர்கள் முறைவைத்துக் கடைகள் பெற்றுத் தம் பொருள்களைத் தாமே விற்கின்றனர். செய்தவனும் வாங்குபவனும் நேரிற் காண்பதால் தரகனுக்குப் போகும் பணம் தொழிலாளிக்கு மிஞ்சுகிறது. புதுக் கைவினைக்குக் காட்டும் இந்த ஆதரவைப் பழம்பொருள் விற்பவனுக்கும் காட்டலாகாதா? பழைய வேலைப்பாட்டைக் கண்ணாற் கண்டும் கையால் தொட்டும் அன்றோ புதுத் தொழிலாளி கற்க வேண்டும்?

சட்டமும் நம் பக்கத்தில் இருக்கிறது. 2014-ம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஐம்பது வருஷத்திற்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயற்கைச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளென்று அறிவிக்க வேண்டுமென்றும், அவற்றிலுள்ள வியாபாரிகளை இடம் மாற்றலாகாதென்றும் கூறுகிறது. நகர விற்பனைக் கமிட்டியில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டுமென்றும் அச்சட்டம் விதிக்கிறது. இருந்தும் நடந்ததென்ன? டில்லித் தரியாகஞ்சில் 1960-களிலிருந்து ஞாயிறுதோறும் நடைபாதையில் கூடிவந்த பழைய புத்தகச் சந்தை, போக்குவரத்தை முன்னிட்டு, ஹைகோர்ட்டு உத்தரவின்மேல் 2019 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அவ்வருஷம் செப்டம்பரில் மதிலடைத்த ஒரு மைதானத்தில் அதற்கு இடம் கிடைத்தது. அட்டவணையில் எழுதிய பாதுகாப்பு நடைபாதைவரை வந்து சேரவில்லை.

எதிர்ப்போர் கூறும் காரணங்களை நாம் புறக்கணிக்கவில்லை. நடப்பவனுக்கு வழி வேண்டும். தீயணைக்கும் வண்டி நுழைய இடம் வேண்டும். திருட்டுச் சொத்து கைமாறாதிருக்கக் காவல் வேண்டும். இவையனைத்திற்கும் விதிகள் முன்னரே உண்டு. கடைகளின் அளவையும் நேரத்தையும் நகரசபையார் வரையறுக்கலாம். நூறு வருஷத்திற்கு மேற்பட்ட சிற்பம் முதலிய தொல்பொருள்களை விற்போர் லைசென்ஸ் பெற வேண்டுமென்று 1972-ம் வருஷத்துச் சட்டம் கட்டளையிடுகிறது. அதைக் கண்டிப்பாய் நடத்தட்டும். ஒருவன் செய்த குற்றத்திற்காகச் சந்தை முழுவதையும் தண்டிப்பது எந்த நீதி?

ஆகவே, ஒவ்வொரு பெரு நகரத்திலும் ஐம்பது வருஷங் கடந்த சந்தைகள் எவையெவை என்று கணக்கெடுத்து, அவற்றின் எல்லைகளை வரைந்து, பாரம்பரியச் சந்தைகளென்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். நகரசபை அங்கத்தினர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். தேசத் தொண்டில் ஈடுபட்ட இளைஞர்கள் தத்தம் ஊர்ச் சந்தை தொடங்கிய காலத்திற்குச் சான்றுகளைத் திரட்டி, விற்பனைக் கமிட்டியின் முன் வைக்க வேண்டும். சட்டத்தை அறியாத ஏழை வியாபாரிக்கு அறிந்தவர்கள் செய்யக்கூடிய உதவி இது.

மூர் மார்க்கெட் எரிந்த பிற்பாடு அவ்விடத்திலே அதன் சிறு மாதிரி ஒன்றைச் செய்து வைத்தார்கள். மற்றச் சந்தைகளுக்கும் அப்படி மாதிரி செய்து வைக்கும் காலம் வருமுன் நகரசபையார் விழித்துக்கொள்வார்களாக.