அறிக்கையில் ஒரு வரி

வைரஸ் நிமோனியாவுக்காக எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையில் ‘பாதிக்கப்பட்ட பகுதியில் இரத்தக்குழாய்கள் விரிந்துள்ளன’ என்ற வரியைக் கண்டு, நுரையீரலில் இரத்தம் உறைந்துவிட்டதாக அஞ்சிய குடும்பத்தினர் பலரை நாங்கள் சந்தித்திருக்கிறோம். வீட்டில் வேறொருவருக்கு எழுதித் தந்த உறைவுத் தடுப்பு மாத்திரையை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அந்த வரியை மட்டும் தனியே படித்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

விரிவு வேறு, உறைவு வேறு. தொற்றால் காற்றுச் சிற்றறைகளில் நீர் கோத்து அழற்சி உண்டாகும்போது, படத்தில் அவ்விடம் பனி படர்ந்த கண்ணாடிபோல் வெளிறித் தெரிகிறது. அப்பகுதியின் இரத்தக்குழாய்களும் பருத்துக் காணப்படலாம். கோவிட்-19 நோயாளிகள் பலரிடம் இம்மாற்றம் தென்பட்டது. இயல்பாக, காற்று புகாத பகுதிக்குச் செல்லும் இரத்தத்தை நுரையீரல் தானே குறைத்துக்கொள்ளும். இவ்வொழுங்கு குலைந்தால், இரத்தம் ஆக்சிஜனைப் பெறாமலேயே திரும்பிவிடும். மூச்சுத்திணறலை அதிகம் உணராத சிலருக்கும் ஆக்சிஜன் அளவு சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

உறைவு ஏற்படுவதே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கோவிட் நோயில் அது உண்மையான ஆபத்து. ஆனால் நுரையீரலின் பெரிய குழாய்களில் உறைவு உள்ளதா என்று அறிய, கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் வேண்டும். சாதாரண ஸ்கேனைக்கொண்டு அதை உறுதிசெய்ய இயலாது. தடுப்பு மருந்து தேவையா, எந்த அளவில் தேவை என்பதை நோயின் தீவிரம், இரத்தப் பரிசோதனை, சிறுநீரகத்தின் நிலை, இரத்தக்கசிவுக்கான வாய்ப்பு ஆகியவற்றைப் பார்த்தே முடிவுசெய்கிறோம். தேவையற்ற மாத்திரை மூளையிலோ குடலிலோ இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும்.

மருத்துவர்களாகிய எங்களிடமும் குறை உண்டு. 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் ‘25க்கு எவ்வளவு?’ என்ற மதிப்பெண்ணையே பேசிப் பழகினோம். அதன்கீழ் இருந்த சொற்களைப் போதிய அளவு விளக்கவில்லை. அறிக்கையை விளக்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. புரியாத வரியைச் சுட்டிக்காட்டி எங்களிடம் கேளுங்கள்; அது உங்கள் உரிமை.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது நோயாளியைத்தான். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழ் இறங்கினாலோ, திடீரென நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலோ, இருமலில் இரத்தம் கண்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, அறிக்கை என்ன சொன்னாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.