வாசலில் நிற்பவளிடம் விட்ட பொறுப்பு

மாண்புமிகு காரின் பிரீன் அவர்களுக்கு,
கல்வி, குடும்பம், முதியோர், பெண்கள், இளையோர் விவகாரங்களுக்கான கூட்டாட்சி அமைச்சர்,
பெர்லின்.



பாலினப் பதிவுச் சுயநிர்ணயச் சட்டம் 2024 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை 2026 ஜூலை 31க்குள் மதிப்பாய்வு செய்வதாக உங்கள் அரசின் கூட்டணி ஒப்பந்தம் சொல்கிறது. சிறுவர், இளையோர் மீதான விளைவு, பதிவை மாற்றுவதற்கான காலவரையறை, பெண்களுக்கு உண்மையில் பயன்படும் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் விசேடமாகக் கவனிப்போம் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதைப் பற்றித்தான் இந்த மடல். ஜேர்மன் மொழியில் உங்கள் அமைச்சுக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம், இங்கே வாழும் எங்கள் பெண்கள் இதை வாசிக்க வேண்டும் என்பது. அவர்களோடு யாரும் இதைப் பற்றிக் கதைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் நோர்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் வாழும் ஈழத்தமிழ்ப் பெண். பெண்கள் காப்பகங்களுக்கும் ஆலோசனை நிலையங்களுக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்குப் போகிறவள். சட்டம் படித்தவள் அல்ல. ஆனால் ஒரு சட்டம் கடைசியில் எந்தக் கதவில் போய் முட்டுகிறது என்பதை அருகில் நின்று பார்க்கக் கிடைக்கிற வேலை இது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1981 முதல் இருந்த பழைய சட்டம் மோசமானது. பதிவை மாற்ற விரும்பியவர் நீதிமன்றம் ஏற வேண்டும், இரண்டு நிபுணர்களின் அறிக்கை வாங்க வேண்டும், அந்த நிபுணர்கள் படுக்கையறை வரை கேள்வி கேட்பார்கள், அதற்கான பணத்தையும் கேட்கப்பட்டவரே கட்ட வேண்டும். பிள்ளை பெறும் ஆற்றலை நிரந்தரமாக இழந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அரசமைப்பு நீதிமன்றம் 2011இல்தான் செல்லாது என்றது. தன் உடலைப் பற்றியும் தன் வாழ்க்கையைப் பற்றியும் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்நியரை நம்பவைக்க வேண்டிய நிலை எப்படிப்பட்டது என்று, அகதி விசாரணையில் உட்கார்ந்து எழும்பிய எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த ஏற்பாடு போனது நல்லது. திருநங்கையரையும் திருநம்பியரையும் பழைய இடத்துக்குத் துரத்த வேண்டும் என்று கூச்சலிடும் அணியில் என்னைச் சேர்க்க வேண்டாம். அந்த அணி எங்களையும் விமானத்தில் ஏற்றி அனுப்பத்தான் பார்க்கிறது.

புதிய சட்டம் மிக எளிமையானது. எங்கள் ஆட்கள் தமிழில் கதைக்கும்போதும் ஸ்டாண்டஸ்அம்ட் என்றே சொல்லும் பதிவு அலுவலகத்துக்கு 3 மாதம் முன்னதாக அறிவித்துவிட்டு, பிறகு நேரில் போய் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும். மருத்துவரும் இல்லை, நீதிபதியும் இல்லை. குற்றப் பின்னணி எதுவும் பார்க்கப்படுவதில்லை. மறுபடி மாற்றுவதென்றால் ஓராண்டு பொறுக்க வேண்டும். 2024 ஏப்ரல் 12இல் இதற்கு ஆதரவாக 374 வாக்குகளும் எதிராக 251 வாக்குகளும் விழுந்தன. உங்கள் கட்சி எதிர்த்தது. இன்று சட்டம் உங்கள் கையில் இருக்கிறது.

சொல்லை நம்புவது என்பதுதான் இந்தச் சட்டத்தின் அடிப்படை. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை அரசு அப்படியே ஏற்கும். இது பெருந்தன்மையாகத் தெரிகிறது. ஆனால் அரசு எல்லா இடத்திலும் அப்படி நம்பிவிடவில்லை. போர் வந்தால் ஆயுதப் பணியிலிருந்து தப்புவதற்காக ஆண்கள் பதிவை மாற்றக்கூடும் என்று சந்தேகப்பட்டது. அதற்காகவே 9ஆம் பிரிவு இருக்கிறது. நாட்டில் போர்ப் பதற்ற நிலையோ தற்காப்பு நிலையோ அறிவிக்கப்படுவதற்கு முந்தைய 2 மாதத்துக்குள் ஒருவர் ஆண் பதிவை விட்டுப் போனால், ஆயுதப் பணியைப் பொறுத்தவரை அவர் ஆண்தான். வதிவிட உரிமையை இழக்கப்போகும் வெளிநாட்டவர் தப்புவதற்கு மாற்றக்கூடும் என்றும் சந்தேகப்பட்டது. அதற்கும் அதே 2 மாதக் கணக்கில் ஒரு தடை இருக்கிறது. (வெளிநாட்டவரை யாரும் சந்தேகிக்க மறப்பதில்லை. அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.)

ஆக, இந்த வழியைத் தவறாகப் பயன்படுத்த ஆள் வரலாம் என்பது சட்டம் எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும். இராணுவத்துக்குத் தீங்கு வரலாம் என்று தோன்றிய இடத்தில் ஒரு பிரிவு எழுதினார்கள். குடிவரவுக் கட்டுப்பாட்டுக்குத் தீங்கு வரலாம் என்று தோன்றிய இடத்தில் இன்னொன்று எழுதினார்கள். பெண்களுக்குத் தீங்கு வரலாம் என்று கேட்டவர்களுக்கு மட்டும், உங்கள் பயம் கற்பனை என்றும், வீட்டு உரிமையாளரின் உரிமை பாதிக்கப்படாது என்று 6ஆம் பிரிவில் சேர்த்திருக்கிறோமே என்றும் பதில் வந்தது.

அந்த 6ஆம் பிரிவு என்ன செய்கிறது? ஓர் இடத்தை நடத்துபவர் யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை முன்பு போலவே இருக்கும் என்கிறது. முன்பு போல என்றால், பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு உட்பட்டு. அந்தரங்கத்தையோ பாதுகாப்பையோ காக்கத் தேவைப்பட்டால் வேறுபடுத்தி நடத்தலாம் என்று அந்தச் சட்டமும் அனுமதிக்கிறது. எப்போது தேவைப்படும், யாருக்கு, எந்த அளவில்? அதை வழக்கு வந்த பிறகு நீதிபதி சொல்வார். அதுவரை அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டியவர் ஒரு நீச்சல் குளத்தின் வரவேற்பு மேசையில் மணிக்கூலிக்கு நிற்கிறவர். அரசு தனக்கு வேண்டாம் என்று இறக்கிவைத்த முடிவை அவர் தன் பொறுப்பில் எடுக்க வேண்டும். தவறினால் அந்த இடத்தை நடத்துபவர் பணம் கட்ட வேண்டும். ஆபத்தைக் கவனிக்காமல் விட்டாலோ, அதற்கும் அவரே பதில் சொல்ல வேண்டும்.

எர்லாங்கனில் பெண்களுக்கு மட்டுமான உடற்பயிற்சிக்கூடம் ஒன்றில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு திருநங்கையை அங்கே சேர்க்க மறுத்தார்கள். 2024இல் கூட்டாட்சிப் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலகத்திடமிருந்து, 1,000 யூரோ இழப்பீடு கொடுத்து இணக்கமாக முடிக்கலாம் என்ற யோசனையோடு கடிதம் போனது. சுயநிர்ணயச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்னரே இது. அந்தத் திருநங்கைக்கும் தன் பக்க நியாயம் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கடிதத்தைச் செய்தியில் பார்த்த மற்றச் சிறு உரிமையாளர்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 6ஆம் பிரிவை நம்பி வாசலில் நிற்க எத்தனை பேருக்கு வழக்கறிஞர் செலவு கட்டுப்படியாகும்?

உடற்பயிற்சிக்கூடம் கூடச் சின்ன விஷயம். எனக்குத் தெரிந்த இடம் காப்பகம்.

பெண்கள் காப்பகம், அதாவது ஃபிராவன்ஹவுஸ் என்றால் வெளியில் இருப்பவர்கள் ஓர் அலுவலகத்தையோ விடுதியையோ கற்பனை செய்கிறார்கள். பெரும்பாலும் அது முகவரி மறைக்கப்பட்ட ஒரு சாதாரண வீடு. ஒரு அறையில் ஒரு தாயும் அவளுடைய பிள்ளைகளும் இருப்பார்கள். சமையலறை பொது, பல இடங்களில் குளியலறையும் பொது. வந்த பெண்ணுக்கு முதல் கிழமை நித்திரை வராது. நடைபாதையில் ஒரு கனத்த காலடி கேட்டால் எழும்பி உட்காருவாள். அது நியாயமான பயமா என்று அவளோடு வாதாட முடியாது. அவளை அப்படி ஆக்கியது ஒரு ஆணின் குரலும் கையும் காலடியும். எங்கள் பெண்களுக்கு இதற்கு மேலும் சுமை உண்டு. மொழி தெரியாது. வதிவிட அனுமதி கணவனுடைய விசாவோடு கட்டப்பட்டிருக்கும். ஊரிலிருந்து மாமியார் அழைப்பெடுத்துத் திட்டுவார். ஆண்கள் இல்லாத வீடு என்று சொன்ன ஒரே காரணத்துக்காக வரச் சம்மதித்தவர்களும் இவர்களில் உண்டு. அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று இப்படிப்பட்ட ஒருத்திக்குத் தோன்றினால் அவள் புகார் எழுத மாட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவாள், அதுவும் அந்த மனிதனிடமே. பதிவேட்டில் அது 'தானாக வெளியேறினார்' என்று முடிந்துவிடும்.

காப்பகங்களின் கூட்டமைப்பும் ஜேர்மன் பெண்கள் பேரவையும் இந்தச் சட்டத்தை ஆதரித்தன என்று நீங்கள் சொல்லலாம். தெரியும். பல காப்பகங்கள் திருநங்கையரை ஏற்கனவே சேர்க்கின்றன, ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுக்கின்றன என்பதும் தெரியும். அடி வாங்கிய திருநங்கைக்கும் ஓடிப்போக ஓர் இடம் வேண்டும். வேண்டாம் என்று சொல்பவள் அந்த வீடுகளில் வேலை செய்யத் தகுதியற்றவள். நான் கேட்பது வேறு. ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுக்கும் அந்த உரிமை, பதிவில் 'பெண்' என்று இருந்தாலும் செல்லும் என்று சட்டத்தில் நேராக எழுதுவதில் என்ன தடை?

இந்தக் கேள்வி இனிப் பெரிதாகும். வன்முறைக்குள்ளானவர்களுக்கான உதவிச் சட்டம் 2025இல் நிறைவேறியது. 2032 முதல், வன்முறையிலிருந்து தப்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பாதுகாப்பான இடம் சட்டபூர்வ உரிமை ஆகிறது. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான இஸ்தான்புல் உடன்படிக்கையின் அளவுகோலான 10,000 பேருக்குக் காப்பகத்தில் ஒரு குடும்ப இடம் என்பதற்கு இந்த நாடு இன்னும் எட்டாத தூரத்தில் இருக்கும்போது வந்த நல்ல சட்டம் அது. மசோதா நிலையில் திருநர்களும் தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தார்கள். இறுதிப் பேரத்தில் அது நீக்கப்பட்டுப் பெண்கள் என்று மட்டும் நின்றது. ஆனால் சுயநிர்ணயச் சட்டப்படி சட்ட விவகாரங்களில் எண்ணப்படுவது பதிவேடுதானே. அப்படியானால் அந்த நீக்கம் எதைச் சாதித்தது? பதிவை மாற்றாத திருநங்கைக்கு உதவி இல்லை, நேற்று வாக்குமூலம் கொடுத்த எவருக்கும் உரிமை உண்டு என்றா? இரண்டு பக்கத்தாருக்கும் இதைவிடப் பொருத்தமற்ற ஏற்பாடு இருக்க முடியாது.

பிரித்தானியாவில் இதே முடிச்சை அவிழ்க்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பாலின அங்கீகாரச் சான்றிதழ் வைத்திருக்கும் திருநங்கை 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி பெண்ணா என்று ஸ்கொட்லாந்துப் பெண்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 16இல் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தச் சட்டம் சொல்லும் பால் உயிரியல் பால்தான் என்றார்கள். அந்தத் தீர்ப்பை அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அங்கே திருநங்கையர் எந்தக் கழிப்பறைக்குப் போவது என்று தடுமாறுவதையும் பார்க்கிறேன். ஆனால் பாராளுமன்றம் செய்யத் தவறிய வேலையை நீதிமன்றம் செய்தால் அது கத்தியால் வெட்டியது போலத்தான் விழும்.

ஹாலே நகரத்து ஆளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இனவெறுப்பைத் தூண்டியது உட்பட்ட குற்றங்களுக்கு 2023இல் ஒன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற, நாடறிந்த தீவிர வலதுசாரி. தண்டனைக்குப் பிறகு பதிவைப் பெண் என்று மாற்றினார். 2025 ஓகஸ்டில் கெம்னிற்ஸ் பெண்கள் சிறைக்கு வர வேண்டியவர், வராமல் தலைமறைவானார். அவரது பழைய பெயரை இங்கே எழுதலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். வேண்டுமென்றே ஒருவருக்குத் தீங்கு செய்ய அவரது பழைய பதிவை வெளியிட்டால்தான் 10,000 யூரோ வரை அபராதம் என்பது எனக்குத் தெரியும், எனக்கு அந்த நோக்கமும் இல்லை. ஆனாலும் கை தயங்கியது. திருநர்களைக் கேலி செய்து வந்த ஒருவர் அதே சட்டத்தில் ஏறி நின்று நாட்டையே கேலி செய்தார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். சிறையில் எங்கே வைப்பது என்பதைப் பதிவேடு மட்டும் தீர்மானிக்காது என்று சட்டத்தின் விளக்கவுரை சொல்கிறது. விளக்கவுரை சட்டம் அல்லவே. சிறைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

பதிவேடு பற்றிப் பேசும்போது இன்னொன்று: 2025இல் உள்துறை அமைச்சு கொண்டுவந்த வரைவு, பதிவை மாற்றிய எல்லாருடைய பழைய பாலினத்தையும் பழைய பெயரையும் குடிமக்கள் பதிவேட்டில் நிலையாகக் குறித்துவைத்து அலுவலகங்களுக்குள் அனுப்பப் பார்த்தது. அதையும் நான் எதிர்க்கிறேன். சிறுபான்மையினரைப் பட்டியலிடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த நாட்டுக்கும் தெரியும், 1983இல் கொழும்பில் வீட்டு வாசலுக்கு வாக்காளர் பட்டியலோடு வந்தவர்களைப் பார்த்த எங்களுக்கும் தெரியும். ஒரு குற்றவாளிக்காக ஆயிரக்கணக்கான அப்பாவிகளைப் பட்டியலில் ஏற்றத் தேவையில்லை. வன்முறைக் குற்றத்துக்கோ பாலியல் குற்றத்துக்கோ விசாரணையில் இருப்பவரோ தண்டனை பெற்றவரோ பதிவை மாற்ற விண்ணப்பித்தால் மட்டும் ஒரு நீதிபதி பார்க்கட்டும். இராணுவத்துக்காக ஒரு விதிவிலக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை எழுதத் தெரியாதா?

பெரிய அளவில் முறைகேடு நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று உங்கள் மேசைக்கு அறிக்கைகள் வரும். ஆர்ஜென்டினாவில் 2012 முதல், அயர்லாந்தில் 2015 முதல் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். கெட்ட ஆணுக்கு உள்ளே வரச் சான்றிதழ் தேவையில்லை என்றும் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. பதிவை மாற்றுபவர்களில் ஆகப் பெரும்பாலானவர்கள் நிம்மதியாக வேலைக்குப் போக நினைக்கும் சாதாரண மனிதர்கள்தான். ஆனால் பெண்களைக் காத்தது கதவின் பூட்டு மட்டும் அல்ல. தவறான ஆள் உள்ளே நின்றால் 'நீ ஏன் இங்கே நிற்கிறாய்' என்று தயங்காமல் கேட்கும் உரிமையும் சேர்ந்துதான் காத்தது. அந்தக் கேள்வியைக் கேட்க இன்று தயக்கம் வந்திருக்கிறதா, எங்கே, யாருக்கு என்பதைக் குற்றப் புள்ளிவிவரத்தில் தேட முடியாது. திரும்பிப் போன பெண்ணையும், நீச்சல் வகுப்பை விட்டு நின்ற தாயையும் எந்த அட்டவணையும் எண்ணுவதில்லை.

ஆகவே மதிப்பாய்வுக்கு யாரைக் கேட்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை. சங்கத் தலைவர்களையும் பேராசிரியர்களையும் கேளுங்கள், திருநர் அமைப்புகளையும் கேளுங்கள். அதோடு காப்பகத்தில் இரவு வேலை பார்ப்பவர்களையும், சிறையில் உடற்சோதனை செய்யும் பெண் அலுவலர்களையும், அகதி முகாம்களில் குளியலறை பகிரும் பெண்களையும் கேளுங்கள். பெயர் வெளிவராது என்ற உறுதியோடு, அவரவர் மொழியில் கேளுங்கள். எதுவும் குறையில்லை என்று அவர்கள் சொன்னால் அதையும் அப்படியே அச்சிடுங்கள். எனக்கு மகிழ்ச்சிதான்.

தமிழில் கேட்பதற்கு ஆள் தேவையென்றால் கூலி இல்லாமல் வந்து மொழிபெயர்க்கத் தயாராக இருக்கிறேன். அமைச்சுக்கு அனுப்பிய பிரதியில் என் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
நோர்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர்