கச்சேரி வாசல்

மயிலாப்பூரில் கச்சேரி சாலை என்று ஒரு சாலை இருப்பதை நேயர்கள் அறிவார்கள். மார்கழி மாதத்துச் சங்கீதத்துக்கும் அப்பெயருக்கும் சம்பந்தமில்லை. கச்சேரி என்றால் சர்க்கார் காரியாலயம். ஜனங்கள் மனுவும் கையுமாகப் போய் நிற்கும் இடம்.

அத்தகைய இடங்களுக்குக் காவல் வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபம் கிடையாது. 2023 அக்டோபர் 25-ந் தேதி கிண்டியில் ஆளுநர் மாளிகை வாயிலருகே பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. வீசியவர் அங்கேயே பிடிபட்டார்; 2024 நவம்பரில் அவருக்கு 10 வருஷக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. பொதுச் சொத்தைச் சேதப்படுத்துவோரைத் தண்டிக்க மத்திய சர்க்காரின் 1984-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1992-ம் வருஷத்துச் சட்டமும் இருக்கிறது. தண்டிக்கும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை.

காவல் காக்கவும் சட்டம் உண்டு. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் பாதுகாப்பை மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை ஏற்றது. தொழில் நிலையங்களை உத்தேசித்து 1968-ல் இயற்றிய சட்டம், பிடியாணையின்றிக் கைது செய்யவும் சோதனையிடவும் அப்படைக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் தொழிற்சாலைக்கு வருகிறவர் வேறு, கச்சேரிக்கு வருகிறவர் வேறு. பின்னவர் வழக்காடும் ஏழை. பென்ஷனுக்கு அலையும் முதியவர். சோதனை வரிசையில் அவருக்குள்ள உரிமை என்ன என்பதை அச்சட்டம் சொல்லவில்லை.

ஆகவே, இனி இயற்றும் காவல் சட்டம் எதுவாயினும் மூன்று விஷயங்களை விதிக்கட்டும். முதியோருக்குத் தனி வழி வேண்டும். உள்ளே விட மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அப்போதும் மனுவை வாசலிலேயே பெற்று ரசீது கொடுக்க வேண்டும். வெளியே நிற்கும் பிரஜையே அந்தக் கட்டடத்தின் எஜமானர் என்பதைச் சட்டம் மறக்கலாகாது.